கடல்கன்னி வாலுக்கு எந்தத் துணி?

வழக்கமாக மாற்றல் ஆர்டர், ஸ்கூல் அட்மிஷன், பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைக்காதது என்று புலம்பிக்கொண்டிருப்பவன் திடீரென்று கடல்கன்னி பக்கம் போய்விட்டானே என்று பார்க்கிறீர்களா? எல்லாம் எங்கள் சொசைட்டி நீச்சல் குளம் செய்த வேலை. வடோதராவில் ஏப்ரல், மே வந்துவிட்டால் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதே பெரும்பாடு. இந்த வருடம் என் பெண்ணுக்கும் அவள் தோழிகள் இரண்டு பேருக்கும் (ஒருத்தி குஜராத்தி, ஒருத்தி மலையாளி) கடல்கன்னி வால் வேண்டுமாம். போட்டோ எடுத்துக்கொள்ள இல்லை, போட்டுக்கொண்டு நீந்த வேண்டுமாம். தங்கமணி தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, "என்ன துணி வாங்கறதுன்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

டிஸ்கியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். துணி பற்றியும் தெரியாது, ரசாயனம் பற்றியும் தெரியாது. ஆனால் யார் எந்த விண்ணப்பத்தோடு வந்தாலும் "பழைய கணக்கைக் காட்டுங்க" என்று கேட்பது எங்கள் தொழில் புத்தி. வாலுக்கும் அதையே கேட்டேன். நூறு வருடத்துக்கும் மேலான கணக்கு கையில் வந்தது. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது: பார்க்க அழகாக இருக்கும் வால் வேறு, நீந்துகிற வால் வேறு. இரண்டையும் ஒன்றாக்கத்தான் இத்தனை வருடம் ஆளாளுக்குத் துணி, ரப்பர், பிளாஸ்டிக் என்று மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் தண்ணீருக்கே வேலை இல்லை. 1876ல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னருடைய இசை நாடகம் அரங்கேறியது. அதில் ரைன் நதியின் அடியில் நீந்திக்கொண்டே பாடும் நீர்மகளிர் மூன்று பேர். எப்படி நீந்தினார்கள்? சக்கரம் வைத்த வண்டி, அதன் மேல் உயரமான கம்பம், கம்பத்தின் உச்சியில் பாடகி. கீழே ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். நம்ம ஊர்த் தேர் இழுக்கிற மாதிரிதான். இப்படி நனையாத வேடத்துக்கு எந்தத் துணியும் சரி. பட்டு போடலாம், ஜரிகை போடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

வாலைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் பெயர் வாங்கியவர் என்றால் ஆனெட் கெல்லர்மன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணிதான். 1886ல் சிட்னியில் பிறந்தவர். சின்ன வயதில் கால்கள் பலவீனமாக இருந்ததால் இரும்புப் பட்டை மாட்டித்தான் நடந்தார். கால் தேறட்டும் என்றுதான் பெற்றோர் நீச்சலுக்கு அனுப்பினார்கள். தேறியது மட்டுமில்லை, போட்டிகளில் ஜெயிக்கவும் ஆரம்பித்தார். 1905ல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றார், முடியவில்லை. 1907ல் நியூயார்க் ஹிப்போட்ரோம் அரங்கில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்திக்காட்டினார். 1911ல் கடல்கன்னியாகவே சினிமாவில் நடித்தார். 1914ல் 'நெப்டியூன்ஸ் டாட்டர்' படப்பிடிப்பின்போது கண்ணாடித் தொட்டி உடைந்து அவருக்கும் இயக்குநருக்கும் காயம். அப்போதும் விடவில்லை. 1916ல் ஜமைக்காவில் ஒரு பிரம்மாண்டமான படம், 1918ல் இன்னொரு கடல்ராணி படம். கால் பட்டையிலிருந்து விடுதலை பெற்ற ஒரு குழந்தை, வளர்ந்த பிறகு தானே விரும்பி இரண்டு காலையும் சேர்த்துத் துணிக்குள் போட்டுக்கொண்டது! இதை யோசித்துக்கொண்டே அன்றைக்கு ராத்திரி வெகு நேரம் தூங்கவில்லை நான்.

அவரிடம் எனக்குப் பிடித்தது வேறு. கடல்கன்னி உடைகளைப் பெரும்பாலும் அவரே வடிவமைத்தார், சிலவற்றை அவரே தைக்கவும் செய்தார். தண்ணீரில் எது இழுக்கும், எது உரசும், எது அவிழும் என்று உள்ளே இருப்பவருக்குத்தானே தெரியும்? அந்தக் காலத்து நீச்சல் உடை என்றால் பெரும்பாலும் கம்பளி. கம்பளியும் பருத்தியும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீருக்குள் அந்த எடை பெரிதாகத் தெரியாது. ஆனால் காலை அசைக்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீரையும் சேர்த்து அசைக்க வேண்டும். கரை ஏறும்போதோ மொத்தக் கனமும் இடுப்பில் தொங்கும். ஈர வேட்டியோடு கிணற்றுப் படி ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தத் துணிகளை வைத்துக்கொண்டே அந்த அம்மா இத்தனை செய்தார் என்றால், அது துணியின் சாமர்த்தியம் இல்லை, காலின் சாமர்த்தியம்.

அடுத்து ரப்பர். 1948ல் ஒரே வருடத்தில் இரண்டு கடல்கன்னிப் படங்கள் வந்தன. இங்கிலாந்தில் 'மிராண்டா', அமெரிக்காவில் 'மிஸ்டர் பீபாடி அண்ட் தி மெர்மெய்ட்'. மிராண்டாவாக நடித்த கிளினிஸ் ஜான்ஸ் போட்டிருந்த வாலைச் செய்தது யார் தெரியுமா? டன்லப் கம்பெனி! படத்தின் டைட்டிலிலேயே "வால்: டன்லப்" என்று போட்டார்கள். அம்பத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைக்கிறேன். டயருக்கும் மெத்தைக்கும் மட்டும்தான் டன்லப் என்று இருந்தோம். (கிளினிஸ் ஜான்ஸ் 2024 ஜனவரியில்தான் காலமானார், நூறு வயதில்.)

ரப்பர் பால் நுரையை மெத்தையாக்கும் வித்தையை டன்லப் ஆட்கள் 1929லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நுரை ரப்பரில் செதில் செதுக்கலாம், சாயம் ஏற்றலாம், கேமராவுக்குப் பிரமாதமாக இருக்கும். ஆனால் நுரை என்றாலே உள்ளே காற்று. காற்று என்றாலே மிதக்கும். இங்கேதான் நம் கணக்கு வருகிறது. ஒரு பிள்ளைக்கு 2 கிலோ எடையில் நுரை வால் செய்கிறோம், அது 8 லிட்டர் இடத்தை அடைக்கிறது என்று வையுங்கள். 8 லிட்டர் தண்ணீரின் எடை 8 கிலோ. ஆக, 8 வரவு, 2 செலவு, மீதி 6 கிலோ அந்த வாலை மேல்நோக்கித் தள்ளும். அதுவும் எங்கே? கால் பக்கம். கால் மேலே கிளம்பினால் தலை எங்கே போகும்? கீழே. சோபாவுக்குப் போடும் ஃபோமை வாங்கி வாலுக்குள் அடைத்தால் புஷ்டியாக, அழகாகத்தான் இருக்கும். அந்த அழகு வேண்டவே வேண்டாம்.

நியோப்ரீனுக்கும் இதே பிரச்சினை உண்டு. 1930ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த செயற்கை ரப்பர் அது. 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியல்காரர் அதன் நுரை வடிவத்தை எடுத்து முக்குளிப்பவர்களுக்கு உடை செய்தார். உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, குமிழ்களில் அடைபட்ட வாயுவே குளிரைத் தடுக்கும் என்பது அவர் கண்டுகொண்ட சூட்சுமம். குளிர்க் கடலுக்கு அருமையான சரக்கு. அதைப் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் மேலே கிளம்பிவிடாமல் இருக்க இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொள்வார்கள். ஆழம் போகப் போக அழுத்தத்தில் குமிழ் சுருங்கி மிதப்பும் குறையும்; 10 மீட்டர் ஆழத்தில் வாயு பாதியாகிவிடும். நாலடி ஆழ சொசைட்டி குளத்தில், மே மாத வெயிலில், நம் பிள்ளைகளுக்கு இது எதற்கு?

இந்த இடத்தில் ஃபுளோரிடாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே வீக்கி வாச்சி என்று ஒரு ஊற்று. நியூட்டன் பெர்ரி என்பவர், இரண்டாம் உலகப்போரில் கடற்படைக்காரர்களுக்கு நீச்சல் பழக்கியவர், 1946ல் அந்த இடத்தைப் பிடித்தார். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கண்ணாடி வைத்து அரங்கம் கட்டி, 1947 அக்டோபர் 13 அன்று முதல் காட்சி நடத்தினார். ரப்பர் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டு, நுரையீரலில் எவ்வளவு காற்று வைத்துக்கொள்வது என்ற கணக்கிலேயே பெண்கள் மேலே போவார்கள், கீழே இறங்குவார்கள், அந்தரத்தில் நிற்பார்கள். 'மிஸ்டர் பீபாடி' படத்தின் நீருக்கடிக் காட்சிகளும் அங்கேதான் எடுக்கப்பட்டன. 2008ல் அந்த இடம் மாநிலப் பூங்காவானது. காட்சிகள் இன்றும் நடக்கின்றன.

நுரையீரல் காற்றைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தே இத்தனை நுணுக்கமாக ஏறி இறங்குகிறவர்களுக்கு, காலில் ஆறு கிலோ மிதப்பைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் நீந்திப் பிழைப்பு நடத்துகிறவர்கள் நல்ல வால் என்று சொல்வது தானாக மிதக்காத, தானாக மூழ்காத வாலை. விட்ட இடத்தில் நிற்க வேண்டும். பேங்க் பாஷையில் சொன்னால் டேலி ஆக வேண்டும்.

துணி மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. வாலுக்குள் துடுப்பு வேண்டும். இல்லையென்றால் அது வெறும் இறுக்கமான பாவாடை. இந்தத் துடுப்பின் கதையும் பழையது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது கைக்கு மரத்தட்டு செய்து மாட்டிக்கொண்டு நீந்தினாராம். வேகம் கிடைத்தது, மணிக்கட்டு ஓய்ந்துபோனது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். 1933ல் லூயி த கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ரப்பர் காலடித் துடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1940ல் ஓவன் சர்ச்சில் என்ற அமெரிக்கர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டு காலையும் ஒரே துடுப்பில் நுழைக்கும் ஒற்றைத் துடுப்பு 1970களின் தொடக்கத்தில் சோவியத் யூனியனில் பந்தய நீச்சலுக்காக வந்தது. கடல்கன்னிக்கும் அதற்கும் அன்றைக்குச் சம்பந்தமே இல்லை. வேகத்துக்காகச் செய்த சாமான், இன்றைக்கு வாலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

நடுவில் ஒரு கொசுறு. மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். டால்பின், திமிங்கிலம், கடற்பசு எல்லாம் மேலும் கீழும் ஆட்டும். மனிதனின் முழங்காலும் இடுப்பும் மேலும் கீழும்தான் மடங்கும். அதனால் படத்தில் என்னதான் மீன் செதில் வரைந்தாலும், நீந்துகிற கடல்கன்னி பாதி டால்பின்தான்! இரண்டு காலையும் சேர்த்து உதைக்கும் இந்த உதையை 1935 வாக்கில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பந்தய நீச்சலுக்குப் பழக்கினார்கள். பட்டர்ஃப்ளை நீச்சலில் இன்று நாம் பார்ப்பது அதைத்தான்.

1984ல் 'ஸ்பிளாஷ்' படம் வந்தது. டாரில் ஹன்னா, டாம் ஹாங்க்ஸ். ராபர்ட் ஷார்ட் என்பவர் செய்த வாலில் ஹன்னா நிஜமாகவே நீந்தினார். சின்ன வயதிலிருந்தே காலைக் கட்டிக்கொண்டு கடல்கன்னி மாதிரி நீந்தி விளையாடியவராம். பாதுகாப்புக்குப் பக்கத்தில் நீந்தியவர்களால் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லையாம். காட்சிக்கும் நீச்சலுக்கும் ஒரே வால் என்ற ஆசை அந்தப் படத்தில்தான் நிறைவேறியது என்று தோன்றுகிறது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் பிற்பாடு சிலிக்கான் வால் செய்ய ஆரம்பித்தது. இரண்டு திரவத்தைக் கலந்து அச்சில் ஊற்றினால் இறுகும் சிலிக்கான். அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீர் அளவு, ஒரு துளி கூடுதல். அதனால் தண்ணீரில் டேலி ஆகிவிடுகிறது. தரையில்? பெரியவர்களுக்கான முழு வால் 15 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். மாட்டவும் கழற்றவும் இன்னொருவர் வேண்டும். தொழில்முறை ஆட்களுக்குச் சரி. பத்து வயசுப் பிள்ளைக்கு, தானாகக் கழற்ற முடியாத எதுவும் சரியில்லை என்பது என் கட்சி.

எங்கள் வீட்டுக்குத் தோதான பதில் சத்தமில்லாமல் 1958லேயே வந்துவிட்டது. அதே டூபான்ட் கம்பெனியில் ஜோசஃப் ஷிவர்ஸ் என்பவர் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை. லைக்ரா என்று சொன்னால் நமக்குப் புரியும். பெண்களின் உள்ளாடையில் இருந்த ரப்பர் இழைக்கு மாற்றுத் தேடப் போய்க் கிடைத்தது. பல மடங்கு இழுபடும், விட்டால் திரும்பிவிடும். நைலானோடு சேர்த்துப் பின்னினால் நீச்சல் உடைத் துணி. பொதுவாக ஐந்தில் நான்கு பங்கு நைலான், ஒரு பங்கு ஸ்பான்டெக்ஸ். தண்ணீர் குடிக்காது, தானாக மிதக்காது, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரே எதிரி குளோரின். தினமும் குளத்தில் ஊறினால் இழை தளர்ந்துவிடும். நீச்சல் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் ஒரு சீசனுக்குத் தாராளமாக வரும்.

குஜராத்தில் இருப்பதில் ஒரு சௌகரியம், சூரத் பக்கத்தில்தான். செயற்கைத் துணிக்கு அதுதான் ராஜதானி. ஆனால் கடையில் 'லைக்ரா' என்று கேட்டால் பருத்தி லைக்ராவையும் எடுத்துப் போடுவார்கள், லெக்கிங்ஸுக்குத் தைப்பது. அது வேண்டாம், மறுபடி ஈர வேட்டிக் கதைதான். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வாங்கி வந்து சமையலறைத் தராசில் உலர்ந்தபடி ஒரு தடவை, நனைத்து உதறி ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் அந்தத் துணி ரிஜக்ட்! சமிக்கி, ஜிகினா வைத்த துணியும் கூடாது. பளபளக்கும், ஆனால் தொடையைக் கீறும், உதிர்ந்து குளத்து ஃபில்டரை அடைக்கும், பக்கத்துப் பிள்ளையின் முடியில் மாட்டும். செதில் அச்சடித்த துணியே போதும். நூல் பாலியஸ்டர், ஊசி பால்பாயின்ட், தையல் ஜிக்ஜாக். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் படார் என்று அறுந்துவிடும் என்று தங்கமணி சொல்கிறார்.

துடுப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கெட்டிப் பாலிகார்பனேட் தகடு. ஹார்டுவேர் கடையில் கூரைக்கு விற்கிற உள்ளே கூடு கூடாக இருக்கும் வகை இல்லை. அதில் காற்று நிற்கும். அக்ரிலிக் மடங்காது, உடைந்தால் கத்தி மாதிரி விளிம்பு வரும். தகரம், ஒட்டுப்பலகை பேச்சே வேண்டாம். பாலிகார்பனேட்டின் ஓரத்துக்கும் ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்து உறையாக மாட்ட வேண்டும். பாதம் நுழையும் இடத்துக்கு மட்டும் மெல்லிய நியோப்ரீன் வைக்கலாம், குதிகால் திறந்தபடி. பக்கிள், வெல்க்ரோ, நாடா எதுவும் கூடாது. இத்தனைக்கும் ஆகிற சிரமத்தைப் பார்த்தால், பிள்ளைகளுக்கென்று விற்கிற ரெடிமேட் ஒற்றைத் துடுப்பை வாங்கிக்கொண்டு துணியை மட்டும் வீட்டில் தைப்பது உத்தமம். நாங்கள் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம்.

ஏன் கழற்றுவதைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், 2015ல் கனடாவின் எட்மன்டன் நகரம் தன்னுடைய நீச்சல் குளங்களில் இந்த வால்களுக்குத் தடை போட்டது. அமெரிக்காவிலும் பல குளங்களில் அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவின் உயிர்காப்புச் சங்கத்தாரும் பெற்றோர்களை எச்சரித்திருக்கிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகூட கால் கட்டுப்பட்டதும் புதிதாகத் தண்ணீரில் இறங்கியது போலத் தடுமாறும். தண்ணீரில் நிமிர்ந்து நிற்க இரண்டு காலும் தனித்தனியாக வேண்டும். தட்டுப்பட்ட இடத்தில் எழுந்து நிற்கும் பழக்கம் வாலுக்குள் உதவாது.

அதனால் எங்கள் குளத்தில் கோச் சாரோடு பேசி வைத்திருக்கும் ஏற்பாடு இது. முதலில் வால் இல்லாமல், இரண்டு காலையும் சேர்த்து உதைத்தே குளத்தின் நீளம் முழுக்க நீந்திக் காட்ட வேண்டும். முடிகிறவருக்கு மட்டும் வால். அதுவும் இடுப்பளவு தண்ணீரில், ஒரு நேரத்தில் ஒருவர், கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே. கரையில் போன் நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் கணக்கில் சேரமாட்டார். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி அறவே கிடையாது.

அதற்கும் முன்னால் ஹாலில் பாய் விரித்து ஒத்திகை. உட்கார்ந்தபடி இடுப்பு எலாஸ்டிக்கில் இரண்டு கட்டைவிரலையும் விட்டு, வாழைப்பழத் தோலை உரிப்பது போல உருட்டித் தள்ளி, குதிகாலை உருவி வெளியே வர வேண்டும். நான் பத்து எண்ணுவேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. பிறகு துணியை நன்றாக நனைத்துவிட்டு ஒரு தடவை. ஈரத் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு அவ்வளவு சுலபமாக உரியாது. பத்துக்குள் வராவிட்டால் இடுப்பை இன்னும் ஒரு விரல் தளர்த்தித் தைக்க வேண்டும். சூரத்திலிருந்து துணி வரும் சனிக்கிழமை வருகிறது. நீலமா பச்சையா என்று மூன்று பேருக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.